மக்னீசியம் இல்லாத புட்டி

போன சனிக்கிழமை மத்தியானம் சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் உளுந்து வாங்க நின்றேன். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிப் பிரித்தார். உள்ளே சிவப்பு கார்பாலிக் சோப்புக் கட்டிகள். அந்த வாசனை முகத்தில் அடித்ததும் என் விரல்கள் தாமாகவே உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன. அது பீனால் வாசனை. கையுறைக்குள் ஒரு சொட்டு கசிந்தால் தோலை வெள்ளையாகப் பொசுக்கிவிடுகிற அதே பீனால். நீயும் நானும் ஆய்வுக்கூடத்தில் ஒரே தொட்டி முன்னால் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, விரலை மாறி மாறிக் காட்டிக்கொண்டிருந்த நாட்கள் ஞாபகம் வந்தன.

"என்னம்மா, உடம்பு முடியலையா?" என்றார் கடைக்காரர்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உளுந்து வாங்காமலே பஸ் ஏறி ஆங் மோ கியோ வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. இங்கிலாந்தில் இருந்தபோது நீ எனக்குப் பதினோரு நீலக் கடிதங்கள் எழுதினாய். நான் மூன்றுக்குத்தான் பதில் போட்டேன். இது நாலாவது. தாமதமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த மூன்றிலும் எழுதாததை இதில் எழுதுகிறேன்.

உன்னைப் பார்த்து நான் பொறாமைப்பட ஆரம்பித்தது எப்போது என்று பல முறை யோசித்திருக்கிறேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இல்லை. அங்கே நாம் இருவரும் கிட்டத்தட்ட ஒரே மார்க்கு வாங்குகிறவர்கள். உனக்குக் கணக்கு, எனக்கு வேதியியல் என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, துறைமுகத்து வேலை போய், மூத்தவள் நான் வேலைக்குப் போகவேண்டி வந்தது. நீ பல்கலைக்கழகத்துக்குப் போனாய். அப்போதும் வருத்தம்தான் இருந்தது, பொறாமை இல்லை. பொறாமை வருவதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்போல.

நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் புக்கிட் மேரா புளோக்கிலிருந்து ஒரே பஸ். கரைசல் கலப்பது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, ஐஸ் உடைப்பது என்று தொடங்கி, மூன்று வருஷத்தில் பேராசிரியரே நம்பி என்னிடம் நொதி பிரிக்கக் கொடுக்கிற அளவுக்கு வந்திருந்தேன். "பிலோமினாவுக்கு நல்ல கை" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எழுபத்தொன்பது கடைசியில் ஒரு திங்கட்கிழமை கதவைத் திறந்துகொண்டு நீ உள்ளே வந்தாய். ஆராய்ச்சி மாணவி. என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாய்.

"பிலோ! நீ இங்கதான் இருக்கியா? அப்ப எனக்குப் பயமே இல்ல லா!"

நானும் கட்டிக்கொண்டேன். உன் முதுகுக்குப் பின்னால், நான் மூன்று வருஷமாக வேலை செய்துகொண்டிருந்த மேசையின் ஜன்னலோரப் பாதியைக் காலி செய்யும்படி பேராசிரியர் எனக்குக் கை காட்டினார்.

நம் வேலைக்குத் தினமும் தவ்கே வேண்டும். முளைகட்டிய பச்சைப்பயறு. அதைத்தான் அரைத்து நொதியும் எடுத்தோம், டி.ஆர்.என்.ஏ.வும் எடுத்தோம். தேக்கா மார்க்கெட்டில் காலை ஏழு மணிக்கு நாம் இருவரும் கூடையோடு நிற்போம். ஒரு நாள் காய்க் கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, தினம் இவ்வளவு தவ்கே? மீ கோரெங் கடை போட்டிருக்கீங்களா?"

நீ சிரித்துக்கொண்டே அவருக்கு விளக்கினாய். "அண்ணே, உடம்புல புரதம் கட்டுறதுக்குச் சின்னச் சின்னச் சாமான் வேணும். இருபது விதம். அதை எடுத்துக்கிட்டு வர்ற ஆளுங்க பேரு டி.ஆர்.என்.ஏ. ஒவ்வொரு சாமானையும் சரியான ஆள் தலையில ஏத்திவிட ஒரு மேஸ்திரி இருக்காரு. அவருதான் நொதி. இதுல என்ன கஷ்டம்னா, ஆளுங்க எல்லாரும் பார்க்க ஒரே மாதிரி இருப்பாங்க. எல்லாருமே எல் எழுத்து மாதிரி மடிஞ்சிருப்பாங்க. அப்ப மேஸ்திரிக்கு எப்படி ஆள் தெரியுது? அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்க தவ்கே."

"தப்பான ஆள் தலையில ஏத்திட்டா?"

"புரதமே கெட்டுப்போகும் அண்ணே."

அவர் ஒரு கை தவ்கே கூடுதலாகப் போட்டார். "நல்லாக் கண்டுபிடிங்க" என்றார்.

இதெல்லாம் மூன்று வருஷமாக எனக்கும் தெரிந்ததுதான். அதே கடையில் அதே ஆளிடம்தான் நானும் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் "லேபுக்கு" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். பஸ்ஸில் உன் பக்கத்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். பொறாமை தொடங்கியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் எரிந்தது. உன் கையில் நிதானம் கிடையாது. பிப்பெட்டை ஆட்டுவாய், ஐஸ் உருகுவதை மறந்துவிடுவாய். உன் சோதனைகளில் பாதியை ஓடவைத்தது நான். ஆனால் பேராசிரியர் அறைக்குள் போய் உட்கார்ந்து பேசுவது நீ. கதவு சாத்தியிருக்கும். கண்ணாடி வழியாக உன் கைகள் காற்றில் எதையோ மடித்துக் காட்டுவது தெரியும். அவர் தலையாட்டுவார். என்னிடம் அவர் தலையாட்டியதே இல்லை. "குட்" என்பார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் "பொறாமைப்பட்டேன், சாமி" என்று சொல்வேன். எத்தனை முறை என்று சாமியார் கேட்பார். எண்ணவில்லை என்பேன்.

இரண்டாவது வருஷம் நீ பெரிய காரியம் ஒன்று செய்தாய். தவ்கேயில் லியூசின் சுமக்கிற டி.ஆர்.என்.ஏ. பல வகை. அதில் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தாய். அதற்கு ஐந்து மாதம் ஆனது. கடைசியில் கிடைத்தது ஒரு சிறு குழாயின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைப் பூஞ்சை மாதிரி ஒன்று. அதை நொதியிடம் கொடுத்து, லியூசின் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால், மூன்று வாரத்தில் நடக்கவிருந்த கருத்தரங்கில் நீ பேசுவாய். அதை வைத்து மேல் ஆராய்ச்சிக்கு உன் பெயரை இங்கிலாந்துக்கு அனுப்புவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

டி.ஆர்.என்.ஏ.வைக் கரைத்து, சூடாக்கி, ஆறவிடுகிற கரைசலைக் கலந்து தந்தது நான். ஒரு பெரிய புட்டி.

ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. எவ்வளவு லியூசின் ஏறியது என்று எண்ணும் கருவி அச்சடித்துத் தள்ளிய தாளில் வெறும் தூசி மாதிரி எண்கள். நீ அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். பிரித்தெடுக்கும்போதே டி.ஆர்.என்.ஏ. சிதைந்துபோயிருக்கும் என்றார் பேராசிரியர். அவர் திட்டவில்லை. "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நீ உள்ளே இல்லாமல் அந்தக் கதவு சாத்தியதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அன்று மத்தியானச் சோறு எனக்கு ருசித்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், ருசித்தது.

நாலாவது நாள் தராசைத் துடைக்கும்போது அதற்குப் பின்னால் ஒரு சின்ன பீக்கரைக் கண்டேன். வாய் தாளால் மூடியிருந்தது. மேலே என் கையெழுத்து. மக்னீசியம் குளோரைடு. நிறுத்து வைத்துவிட்டு, யாரோ டெலிபோனுக்குக் கூப்பிட்டார்கள் என்று போனவள், திரும்பி வந்து அதைச் சேர்க்காமலே புட்டியை மூடியிருக்கிறேன். அது காற்றில் ஈரத்தை இழுத்து, பாதி கரைந்து, சர்க்கரைப்பாகு மாதிரி இருந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற இடத்திலிருந்து உன் மேசை ஆறு அடி இருக்கும். நீ முதுகைக் காட்டிக்கொண்டு பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாய். திரும்பினால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் பீக்கரைத் தொட்டியில் கொட்டிக் கழுவினேன். எனக்கு மட்டும் புதுசாக ஒரு சின்னப் புட்டியில் சரியான கரைசலைக் கலந்தேன், மக்னீசியத்தோடு. நொதி உயிரோடு இருக்கிறதா என்று, வகை பிரிக்காத டி.ஆர்.என்.ஏ.வை வைத்து நான் தினமும் பார்க்கிற சோதனைக்கு அதைப் பயன்படுத்தினேன். என் எண்கள் நன்றாக வந்தன. உன் மேசையில் பழைய புட்டியே இருந்தது.

பன்னிரண்டு நாள். நீ மெலிந்துபோனாய். உன் அம்மா ஃபேரர் பார்க் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துச் சோறு கட்டி அனுப்புவார்கள். "பிலோ, நீ சாப்பிடு, எனக்கு இறங்க மாட்டேங்குது" என்று உன் பங்கையும் என் பக்கம் தள்ளுவாய். கருத்தரங்கில் உனக்குப் பதிலாக வேறு யாரைப் பேசவைக்கலாம் என்று பேராசிரியர் தேட ஆரம்பித்தார். ஒரு நாள் என்னிடமே வந்து, "நீ நொதி பிரிக்கிற முறையைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேச முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். அன்று மாலை பஸ்ஸில், பேச வேண்டியதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் நீ நிற்கிறாய். தலை கலைந்திருக்கிறது. காலில் வீட்டுச் செருப்பு.

"பிலோ, ஏறிடுச்சு!"

"என்ன ஏறிடுச்சு?"

"லியூசின்! காலையில லேபுக்குப் போய்ப் பார்த்தேன். அதே டி.ஆர்.என்.ஏ., அதே குழாய். சிதையவே இல்ல. அந்தப் புட்டியில மக்னீசியம் இல்ல, பிலோ. மக்னீசியம் இல்லாம சூடாக்கி ஆறவெச்சதால அது தப்பா மடிஞ்சிருக்கு. அப்புறம் நொதி கலக்கும்போது அதுல மக்னீசியம் இருக்குல்ல? அப்பவும் அது சரியாகல. தப்பான மடிப்புலயே பூட்டிக்கிட்டு நிக்குது. மக்னீசியத்தோட மறுபடி சூடாக்கி மெதுவா ஆறவிட்டேன். உடனே எடுத்துக்கிச்சு!"

சுற்றி ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நீ என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாய்.

"புரியுதா? டி.ஆர்.என்.ஏ.வோட எழுத்து ஒண்ணுகூட மாறல. வரிசை மாறல. மடிப்பு மட்டும்தான் மாறுச்சு. நொதி அதைக் கண்டுக்கவே மாட்டேங்குது. அது எழுத்தைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஆளோட உருவத்தைப் பார்க்குது லா!"

எனக்குப் புரிந்தது. நீ சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது எவ்வளவு அழகான விஷயம் என்பதும் புரிந்தது. உன் சோதனை திட்டப்படி ஓடியிருந்தால் நீ ஒரு எண்ணைத்தான் கண்டிருப்பாய். என் மறதியும் அதற்கு மேல் என் கள்ளத்தனமும் சேர்ந்து உனக்கு ஒரு கேள்வியையே திறந்துவிட்டிருந்தன. ஈஸ்ட்டில் இப்படி ஒன்றை வெளிநாட்டில் யாரோ முன்பே பார்த்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. தவ்கேயில் நீதான் முதல்.

பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "மக்னீசியத்தை மறந்துவிட்டாயா?" என்றார். "இருக்கலாம், சார்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல மறதி! இனிமேல் அடிக்கடி மற!" ஆய்வுக்கூடத்தில் அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. என் தப்புகூட உன்னுடைய வெற்றியாகிப்போன அன்றைக்கு நான் கழிப்பறையில் போய் அழுதேன். குற்ற உணர்ச்சியில் இல்லை. அது பிறகு வந்தது.

கருத்தரங்கில் நீதான் பேசினாய். கட்டுரையில் உன் பெயருக்கு அடுத்து என் பெயரைப் போட்டாய். பேராசிரியர் வேண்டாம் என்றாராம், உதவியாளர் பெயர் வழக்கமில்லை என்று. நீ விடவில்லையாம். அச்சான பக்கத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய். என் பெயரை அச்சில் நான் பார்த்தது அதுதான் முதலும் கடைசியும். பெருந்தன்மையாக நடந்துகொள்கிற இடமும் உனக்கே கிடைத்துவிட்டதே என்று அதற்கும் புழுங்கினேன். நீ இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது சாங்கியில் புது விமான நிலையம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எல்லாரும் வழியனுப்பவும் விமான நிலையத்தைப் பார்க்கவும் சேர்ந்து போனார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

உன் கடிதங்கள் வந்தன. பனியைப் பற்றி, தேங்காய்ப்பால் கிடைக்காததைப் பற்றி எழுதுவாய். பிறகு, எந்தக் கடிதமானாலும், அந்த ஒரே விஷயம். நொதியும் டி.ஆர்.என்.ஏ.வும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும்போதே படிகமாக உறையவைக்க வேண்டும், அப்போதுதான் நொதி எங்கே தொடுகிறது, எதைப் பார்க்கிறது என்று படம் எடுக்க முடியும். "ஒரு படிகம் வளர மூணு மாசம் ஆகுது. எடுத்துப் பார்த்தா வெறும் உப்பு. உன் கை இங்க இருந்தா நடந்திருக்கும், பிலோ." அந்த வரியை நான் எத்தனையோ முறை படித்தேன். பதில் போடவில்லை.

எண்பத்தேழில் நீ திரும்பி வந்தாய். ரத்தத்தில் நோய். படிகம் வளரவில்லை. ஃபேரர் பார்க் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். நான் வேலையில் அரை நாள் கேட்டுக்கொண்டு புதன்கிழமைகளில் வருவேன். உன் அம்மா கதவைத் திறந்து, "வா பிள்ளை, உள்ளுக்கு வா. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்பார்கள். தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாம் பேசட்டும் என்று சமையலறைக்குப் போய்விடுவார்கள்.

ஐந்தாவது புதன்கிழமை சொன்னேன். பீக்கரைக் கண்டது, கொட்டிக் கழுவியது, தனிப் புட்டி கலந்தது, பன்னிரண்டு நாள். நீ கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாய்.

"தெரியும்" என்றாய்.

"என்ன தெரியும்?"

"உன் சோதனை ஓடுது, என்னுது ஓடல. நொதி ஒண்ணுதான். வேற என்ன வித்தியாசம்னு பார்த்தப்ப உன் மேசையில சின்னப் புட்டி. புதுத் தேதி. ரெண்டு புட்டியையும் சோதிச்சுப் பார்த்தேன், பெருசுல மக்னீசியம் இல்ல. அதுல இருந்து ஒரு சொட்டு எடுத்துத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டேன். கோயிலுக்கு வரும்போதே தெரியும் எனக்கு."

"அப்ப ஏன் கேட்கல?"

"கேட்கத்தான் வந்தேன். உன்னைப் பார்த்ததும் முதல்ல மத்தது வாய்ல வந்துடுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாய். "அப்புறம் வீட்டுக்குப் போய் ரொம்பக் கோபப்பட்டேன். ரொம்ப நாள்."

"என் பேரை ஏன் போட்ட?"

"நொதி நீ எடுத்தது. அதுக்காகப் போட்டேன். மன்னிச்சுட்டேன்னு அர்த்தம் இல்ல."

தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று நான் கேட்டேன். "நீயும் என்னைப் பார்த்து எப்பவாவது பொறாமைப்பட்டிருக்கியா? என் கையைப் பார்த்தாவது?"

நீ யோசித்தாய். பொய் சொல்வதற்கு உனக்கு நேரம் இருந்தது, காரணமும் இருந்தது.

"இல்ல, பிலோ. உன் கை என் பக்கம் இருக்குன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

அதன் பிறகு என் கையை எடுத்து உன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாய். மன்னித்துவிட்டாயா என்று நான் பிறகு வந்த புதன்கிழமைகளிலும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நாம் வேறு விஷயங்கள் பேசினோம். எனக்கு வந்த வரனைப் பற்றிப் பேசினோம், பேராசிரியர் ஓய்வு பெற்றதைப் பற்றிப் பேசினோம். ஒன்பது புதன்கிழமைகள்.

இந்த வருஷக் கடைசியில் ஒரு நாள் நூலகத்தில் ஒரு சஞ்சிகையை விரித்தபோது அது இருந்தது. படம். வேறு நாட்டில், வேறு யாரோ. லியூசின் இல்லை, வேறொரு அமினோ அமிலம், பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. ஆனால் நீ கேட்டதுதான். நொதி டி.ஆர்.என்.ஏ.வின் எல் வடிவத்தின் உள்வளைவில் முழுக்கச் சாய்ந்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தொட்டுக்கொண்டிருந்தது. சுமை ஏற்றுகிற முனையில் கடைசி எழுத்து ஜோடியைப் பிரித்து, நுனியைத் தன் பக்கம் வளைத்திருந்தது. மறு கோடியில் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்திருந்தது. உருவத்தையும் பார்க்கிறது, எழுத்தையும் படிக்கிறது. நீ சொன்னதில் பாதி சரி.

நின்றபடியே பார்த்தேன். நான் உனக்கு முன்னால் பார்த்த ஒரே விஷயம் இதுதான் என்று தோன்றியது. இத்தனை வருஷம் இதற்குத்தானே ஏங்கினேன் என்று காத்திருந்து பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை. பிறகு கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இருந்த பெயர்களைப் படித்தேன். ஒவ்வொன்றாக, கடைசி வரை படித்தேன். அப்போது அதே பொறாமை எழும்பியது. எனக்குப் பழக்கமானது. ஆனால் இந்த முறை உன்மேல் இல்லை. அந்தப் பெயர்களின்மேல்.

இன்னும் அடங்கவில்லை. அங்கே உன் பெயர் இருந்திருக்க வேண்டும்.